கருப்பாயி போட்ட அன்னாசிப் பானகம்

கருப்பாயியைப் பற்றி எழுத வேண்டியவன் நான் அல்ல. அவளைப் பிடித்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அவளைப் பிடித்தவர்கள் ஒருவருக்கும் எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த எனக்கோ அவளைக் கண்டாலே ஆகாமல் இருந்தது. ஏன் ஆகவில்லை என்று அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். உண்மையான காரணம் ஒன்றுதான், பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

ஜொகூரில் யோங் பெங் ஊரிலிருந்து ஆறு மைல் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். பெயர் மணியம். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது சம்பளத்துக்குச் செய்த வேலை. மனசுக்காகச் செய்த வேலை கள்ளொழிப்பு. தோட்டத்துக் கள்ளுக்கடை தினமும் மாலை நாலு மணிக்குத் திறக்கும். மூன்றரைக்கே ஆண்கள் ஆளுக்கொரு மங்கு, அதாவது எனாமல் குவளை, கையில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கள்ளை நான் தொட்டதில்லை. கிட்ட நின்று முகர்ந்ததும் இல்லை. அதில் எனக்கு அத்தனை பெருமை.

ஆகவே கள்ளொழிப்புச் சங்கம் ஒன்று ஆரம்பித்தேன். தலைவர் நான், செயலாளர் நான், பேச்சாளரும் நானே. சனிக்கிழமைதோறும் மாலை நாலரைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். கரும்பலகையில் குடிகாரனின் ஈரலைச் சாக்கட்டியால் வரைந்து, எங்கெங்கே ஓட்டை விழும் என்று பிரம்பால் தொட்டுக் காட்டுவேன். முதல் கூட்டத்துக்கு இருபது பேர் வந்தார்கள். ரொட்டி கொடுப்பதாக யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அடுத்த வாரம் பதினொரு பேர், அதில் நாலு பேர் தூங்கினார்கள். ஒரு வருஷத்தில் இரண்டே பேர் இனிக் குடிப்பதில்லை என்று கைநாட்டு வைத்தார்கள். ஒருவர் அர்ச்சுனன் கங்காணியின் தாயார். எண்பது வயதான அந்த அம்மாள் அதற்கு முன்பும் குடித்ததில்லை. இன்னொருவன் காளியப்பன். கட்டைவிரல் மை காய்வதற்குள் அவன் கடைக்குப் போய்விட்டான்.

அந்தக் காளியப்பனின் மனைவிதான் கருப்பாயி.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவள். பத்து வயதில் புல் வேலைக்குப் போனாள், பதினாறில் ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கத்தி பிடித்தாள், அதே வருஷம் காளியப்பனுக்குக் கழுத்தை நீட்டினாள். நல்ல உயரம். வாய் நிறைய வெற்றிலை. நடையில் அவசரம் என்பதே கிடையாது. அவள் கத்தி பட்ட மரத்தில் காயம் இருக்காது என்று துரையே சொல்வாராம். பேச்சைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வேண்டிய இடத்தில் ஆழமாகவே வெட்டுவாள்.

காளியப்பன் குடிக்காத நேரத்தில் தங்கமானவன். அந்த நேரம் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதில் தொடங்கி மாலை நாலு மணிக்கு முடிந்துவிடும். ஒரு நாள் கருப்பாயி என்னிடம் வந்து, அவனை நிறுத்த வழி கேட்டாள். நான் ஈரல் படத்தைக் காட்டி முக்கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஈரலெல்லாம் அவருக்குத் தெரியாதுங்க, வாத்தியாரய்யா," என்றாள் கடைசியில். "நாலு மணி ஆனா அவரு காலு தானா போவுது. கைக்கு ஒரு மங்கு வேணும், பக்கத்துல பேச நாலு பேரு வேணும், நாக்குக்கு ஏதாச்சும் வேணும். அது கள்ளவிட உறைப்பா இருந்தாத்தான் நாக்கு கள்ள மறக்கும். அப்படி ஒண்ணு உங்க பொஸ்தகத்துல இருந்தா சொல்லுங்க."

என் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவள் போய்த் தானே தேட ஆரம்பித்தாள்.

சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாளாம், காளியப்பன் துப்பிவிட்டான். மோரில் பச்சைமிளகாய் கிள்ளிப் போட்டாளாம், "இது சோத்துக்கு" என்று சோற்றில் ஊற்றிக்கொண்டான். அப்புறம்தான் அவள் கண் அன்னாசி மேல் விழுந்தது. எங்கள் பக்கத்தில் இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே எங்கு பார்த்தாலும் அன்னாசிதான். டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலைக்குப் பெரிய பழமெல்லாம் போய்விடும். சின்னதும் வெடித்ததும் வரப்போரம் குவிந்து கிடக்கும், கேட்பார் கிடையாது.

அவள் செய்முறை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழை மரத்தின் மறைவில் நின்று மூன்று நாள் பார்த்தேன். சங்கத் தலைவர் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். பொறாமை பிடித்தவனுக்கு வாழை மரமும் நாற்காலிதான்.

காலையில் பால் வெட்டி, ஸ்டோரில் பால் ஊற்றிவிட்டு, ஒரு மணிக்கு வீடு வருவாள். குளித்த கையோடு பழத்தைச் சீவுவாள். தோலை எறிய மாட்டாள். நன்றாகக் கழுவி இரண்டு துண்டு இஞ்சியோடு கொதிக்க வைப்பாள். மலாய்க்காரர்கள் கூலா மலாக்கா என்று மூங்கில் குழாயில் வார்த்து விற்கும் தென்னைக் கருப்பட்டியைத் தட்டி அந்தச் சுடுநீரில் கரைப்பாள். சதையை உரலில் இடித்துப் பிழிவாள். இரண்டும் ஆறியபின் ஒன்றாகக் கலந்து, சுக்கும் மிளகும் ஏலமும் பொடித்துப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய கைவேலை. சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும் காரமான சின்ன மிளகாய் இரண்டைக் கீறி உள்ளே போடுவாள். வெற்றிலை ஒரு தடவை மென்று முடிகிற நேரம் ஊறவிட்டு எடுத்து எறிந்துவிடுவாள். அதற்கு மேல் ஒரு நொடி விட மாட்டாள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆயர் ஈத்தாம் ஊரில் சீனர் கடையில் வாங்கிய மண்சாடியில் ஊற்றி, ஈரச் சாக்கைச் சுற்றிவைப்பாள். கொடுக்கும்போது செம்புக்குச் செம்பு கை உயரத்தில் ஆற்றுவாள். அன்னாசிச் சாறு அதற்கே பொங்கி வெள்ளையாய் நுரை கட்டும்.

பொழுது சாய்ந்தபின் சாடியில் மீதி இருந்தால் வாழையடியில் கொட்டிவிடுவாள். மூன்றாம் நாள் என் காலிலேயே கொட்டியிருப்பாள், நல்லவேளை நகர்ந்தேன். ஏன் வீணாக்குகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு அவள் சொன்ன பதிலும் என் காதில் விழுந்தது.

"விடிஞ்சா புளிச்சிரும், அக்கா. புளிச்சா அதுவும் கள்ளு மாதிரிதான். எனக்கெதுக்கு அந்தப் பொழப்பு?"

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் ஞாபகம் வைத்திருந்தேன்.

காளியப்பனின் கள்ளு மங்கை ஆணியிலிருந்து எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நாலு மணிக்குக் கால் மணி முன்னால் நிறைத்து நீட்டினாள். அவன் குடித்தான். கண்ணில் நீர் வந்தது, மூக்கை உறிஞ்சினான், "இன்னொண்ணு ஊத்து புள்ள" என்றான். இரண்டாவது மங்கு முடிவதற்குள் நாலு மணி தாண்டிவிட்டது. வழியோடு போன கூட்டாளிகள் என்னடா அது என்று நின்றார்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் பன்னிரண்டு பேர், மூன்று மாதத்தில் முப்பது பேர். கள்ளுக்கடைக்குக் கொண்டுபோன அதே மங்கோடு வருவார்கள். கையில் ஆளுக்கொரு அன்னாசி இருக்கும். அவள் வீட்டு முன்னால் குந்தி, அதே கதை, அதே சிரிப்பு. சண்டை மட்டும் கிடையாது.

சந்தோஷப்பட வேண்டியவன் நான்தானே? கள் ஒழிந்தால் போதும் என்றுதானே ஒரு வருஷம் கத்தினேன்? ஆனால் சனிக்கிழமை நாலரைக்கு ஈரலை வரைந்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சுகள் காலி. கங்காணியின் தாயார் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. தூரத்தில் கருப்பாயி வீட்டுப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி புஷ்பவள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் தலைவலி வரும், என் பேச்சைக் கேட்க வர மாட்டாள். ஒரு நாள் பித்தளைச் செம்பை எடுத்தபோது சுக்கு வாசனை அடித்தது.

"நீயுமா?" என்றேன்.

"ஏங்க, உங்க கூட்டத்துல தாகத்துக்குத் தண்ணிகூடக் கெடையாது," என்றாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. அந்த வருஷக் கடைசியில் ஜொகூர் பாருவிலிருந்து ஓர் அதிகாரி தோட்டம் பார்க்க வந்தார். இந்தத் தோட்டத்தில் குடி பாதியாகக் குறைந்திருக்கிறதே, யார் காரணம் என்று கேட்டார். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். மூன்று நாளாக எழுதிய நன்றியுரை பையில் இருந்தது. அர்ச்சுனன் கங்காணி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "அந்தா நிக்குது பாருங்க, நம்ம கருப்பாயி. அது போடுற தண்ணிதாங்க காரணம்," என்றார். அதிகாரி என்னைத் தாண்டி நடந்துபோய் அவளுக்குக் கைகூப்பினார். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கும்பிட்டாள். எனக்கு அவளைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது.

பங்குனியில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. எங்கள் வழக்கத்தில் தீச்சட்டி எடுக்கிறவன் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். காப்புக் கட்டியவன் கள்ளைத் தொடக் கூடாது. உடம்பில் கள் இருக்கும்போது சட்டியைத் தூக்கினால் அம்மன் பொறுக்க மாட்டாள் என்பது தோட்டம் முழுக்க நம்பிய பேச்சு. காளியப்பனின் தகப்பன் ஒரு காலத்தில் அந்தக் கோயிலின் முதல் சட்டியை எடுத்தவர். மகன் குடிகாரன் என்பதால் பதினாறு வருஷமாக அந்த வீட்டுக்குச் சட்டி இல்லை. எட்டு மாதம் கள்ளைத் தொடாமல் இருந்ததால் அந்த வருஷம் காளியப்பனுக்குக் காப்புக் கட்டினார்கள். கருப்பாயி அன்று அழுதாளாம். அவளுக்கு அந்தச் சட்டிதான் எல்லாம். எட்டு மாதமாக அவள் அன்னாசி இடித்ததே அதற்காகத்தான் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் கொட்டகையில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குப் படைக்கும் பானகமாகக் கருப்பாயியின் அன்னாசிப் பானகத்தையே வைக்கலாம் என்றார் கங்காணி. எல்லோரும் தலையாட்டினார்கள். இனி அம்மன் முன்னாலும் அவள்தானா என்று எனக்குள் ஏதோ அறுந்தது.

"கங்காணி, ஒரு சந்தேகம்," என்று எழுந்தேன். "அது நுரைக்குது. எல்லாரும் கள்ளு மங்குலதான் குடிக்கிறாங்க. சாமி காரியம். எதுக்கும் பாத்துட்டு வைக்கலாமே."

கங்காணி யோசித்தார். அவருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. "நியாயம்தான். இந்த விஷயத்துல உங்களவிட வெவரமான ஆளு யாரு? நீங்களே குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, வாத்தியாரே."

ஆள் அனுப்பினார்கள். கருப்பாயி ஈரத் தலையோடு, இடுப்பில் சாடியோடு வந்தாள். சுத்தமான ஒரு டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. படித்தவர் குடித்துப் பார்த்துச் சொல்லப் போகிறார் என்ற பெருமைதான் இருந்தது.

குடித்தேன். அதுவரை அதை ஒரு சொட்டு நாக்கில் வைத்தவன் இல்லை. முதலில் இனிப்பு. பின்னாலேயே பழத்தின் புளிப்பு. விழுங்கியபின் சுக்கும் மிளகாயும் தொண்டையில் இறங்கிக் காதுமடல் வரைக்கும் சூடு ஏறியது. என் ஆயுசில் அத்தனை ருசியான ஒன்றைக் குடித்ததில்லை. இன்னொரு டம்ளர் கேட்க வாய் வந்தது. வாராவாரம் பிரசங்கம் எழுதி நான் சாதிக்காததை இது ஏன் சாதித்தது என்று என் நாக்குக்கே தெரிந்துபோயிற்று. அதனால்தான் கோபம் இன்னும் பொங்கியது.

"தொண்டை எரியுது, கங்காணி," என்றேன். "கள்ளு கலந்திருக்கு. இல்லன்னா புளிச்சுப் போயிருக்கு. ரெண்டுல எதுவானாலும் அம்மனுக்கு ஆகாது."

கொட்டகையில் கூச்சல் எழுந்தது. "கள்ளா? எங்களுக்குத் தெரியாத கள்ளா?" என்று பின்னாலிருந்து பத்துப் பேர் கத்தினார்கள்.

"வாய மூடுங்கடா," என்றார் கங்காணி. "குடிச்சவன் சாட்சி கோயில்ல செல்லாது. குடிக்காதவரு சொல்லிட்டாரு." அப்புறம் காளியப்பன் பக்கம் திரும்பினார். எட்டு மாதமாக இதைக் குடித்தவன் எப்படிச் சட்டி எடுப்பான் என்று கேட்டார். "காப்பக் கழட்டிரு, காளியப்பா."

காளியப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒரு சின்னச் சிரிப்பு. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மஞ்சள் கயிற்றைத் தானே அவிழ்த்துக் கங்காணியின் காலடியில் வைத்தான். "எட்டு மாசமா கள்ள விட்டுட்டேன்னு நான் மட்டுந்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன் போல," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

கருப்பாயி என் முன்னால் வந்து நின்றாள்.

"வாத்தியாரய்யா, நெசமா எரியுதுங்களா?"

"எரியுது," என்றேன்.

"சரிங்க." சாடியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய், வாய்க்காலில் தானே கவிழ்த்தாள். நுரை கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதந்தது.

அன்று நாலு மணிக்குக் காளியப்பன் கள்ளுக்கடை வரிசையில் முதல் ஆளாக நின்றான்.

வீட்டில் புஷ்பவள்ளி எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். "ஏங்க, நானும் எட்டு மாசமா அதத்தான் குடிச்சேன். அப்ப உங்க பொண்டாட்டியும் கள்ளு குடிக்கிறவதானா? நாளைக்கு உங்க கூட்டத்துல என் ஈரலையும் சேத்து வரைஞ்சிருங்க."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அந்தப் பொம்பள மேல உங்களுக்கு என்னங்க? அது உங்ககிட்ட என்னத்தப் பறிச்சுச்சு?" என்றாள். "எரிஞ்சது உங்க தொண்ட இல்லங்க. எனக்குத் தெரியும்."

கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. பொறாமை என்ற சொல்லை என் மனைவி சொல்லவே இல்லை. சொல்லாமலே என் முகத்தில் எழுதி ஒட்டிவிட்டாள். அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. நான் ஒருத்தியின் பானகத்தைத்தான் கொட்ட வைத்தேன் என்று நினைத்திருந்தேன். ஒரு மனிதன் எட்டு மாதம் பிடித்து நின்ற பிடியைக் கொட்டியிருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. நாலரைக்குப் பள்ளிக்கூடத்தைத் திறக்கவில்லை. நாலு மணிக்கே கள்ளுக்கடைக்குப் போனேன். கைக்குட்டையை எடுக்கவில்லை. "ஒரு மங்கு கள்ளு குடு," என்றேன். என்னிடம் மங்கு இல்லை, மங்கு இல்லாதவனுக்குக் கள் இல்லை. யாரும் கொடுக்கவும் இல்லை. மூலையில் குந்தியிருந்த காளியப்பன் தன் மங்கையே பாதிக் கள்ளோடு நீட்டினான்.

"இந்தாங்க, வாத்தியாரே."

வாங்கிக் குடித்தேன். பழைய நீராகாரம் போல ஒரு புளிப்பு. மூக்கில் குப்பென்று வாடை ஏறியது. குமட்டலை அடக்கி விழுங்கினேன். வழவழவென்று இறங்கிப்போயிற்று. எரியும் என்று காத்திருந்தேன். எங்கேயும் எரியவில்லை.

"எரியுதா?" என்று கேட்டான் காளியப்பன்.

"இல்ல."

"கள்ளு எரியாதுங்க. குடிச்ச எல்லாருக்கும் அது தெரியும்," என்றான். முந்தின நாள் சிரித்த அதே சிரிப்பு. நான் தொண்டை எரிகிறது என்று சொன்ன அந்த நொடியே, அங்கிருந்த குடிகாரர்கள் அத்தனை பேருக்கும் என் பொய் தெரிந்துவிட்டது. கள்ளைத் தொடாத பெருமைக்காரனாகிய எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

கடை நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன். கருப்பாயியின் பானகத்தில் கள் இல்லை, புளிப்பும் இல்லை, அவள் மீதியைத் தினமும் கொட்டுவதை நானே பார்த்தேன், பொறாமையில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றேன். அங்கிருந்து ஓட்டமாகக் கங்காணி வீட்டுக்குப் போனேன். அதையே அவரிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது, காளியப்பனுக்குக் காப்பைத் திருப்பிக் கட்டுங்கள் என்று கும்பிட்டேன்.

கங்காணி மூக்கைச் சுருக்கினார்.

"நீங்க கள்ளு குடிச்சிருக்கீங்களா, வாத்தியாரே?"

"அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்..."

"குடிச்சவன் சாட்சி செல்லாதுன்னு நேத்துத்தானே சொன்னேன். உங்களுக்கு மட்டும் வேற நியாயமா?" என்றார். கொஞ்சம் தயங்கி, தாழ்ந்த குரலில் சொன்னார். "அதோட அவனும் நேத்தே குடிச்சிட்டான். இப்ப எப்படிக் கட்டுறது? போங்க."

ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் தீச்சட்டி எடுத்தான். கருப்பாயி கோயிலுக்கு வரவில்லை. அம்மனுக்கு வெறும் வெல்லப் பானகம் படைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் அன்னாசியைத் தொடவில்லை. மண்சாடி அவள் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. முப்பது பேரும் பழையபடி கடை வாசலில் நின்றார்கள். ஆவணியில் காளியப்பன் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். அவனுக்கு வேலை இல்லை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக, தன் மரங்களோடு அவன் மரங்களையும் சேர்த்து அவளே வெட்டினாள். விடியற்காலையில் அவள் ஓட்டமாகப் போவதைப் பார்ப்பேன். அவசரமே தெரியாத அந்த நடை போய்விட்டது. என் சங்கத்துக்கு இப்போது போட்டி கிடையாது. நான் ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. நான் கரும்பலகையைத் துடைத்து வைத்ததோடு சரி, ஈரல் வரையவே இல்லை.

தீபாவளி கழிந்து நாலாம் நாள், கட்டுப் போட்ட கையோடு காளியப்பன் வரப்போரக் குவியலில் தேடி, இடது கையில் ஓர் அன்னாசியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தானாம். அவள் கத்தியை எடுத்துச் சீவ ஆரம்பித்தாளாம். அன்று மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் சுக்கு வாசனை வந்தது.

போகலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். பதினோராம் நாள் புஷ்பவள்ளியோடு போனேன். அவள் கையில் பித்தளைச் செம்பு, என் கையில் ஒரு டம்ளர். இருபது பேர் இருந்தார்கள். கருப்பாயி கை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்தாள். வரிசையில் கடைசியாக நின்றேன். எனக்கு முன்னால் ஒவ்வொருவனாக மங்கை நிறைத்துக்கொண்டு, முதல் வாயில் கண்ணை மூடித் திறந்தான். பொறாமை என்றால் என்னவென்று எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்று அந்த மங்குகளைப் பார்த்தபோது வந்ததற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

என் முறை வந்தது. டம்ளரை நீட்டினேன். எத்தனையோ சொல்ல நினைத்துக்கொண்டு போயிருந்தேன். "கருப்பாயி, நான் பண்ணினது..." என்பதற்கு மேல் வரவில்லை.

"ஊத்து புள்ள, வாத்தியாருக்கும்," என்றான் காளியப்பன் கீழே குந்தியிருந்தபடி.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. குரலிலும் மரியாதை குறையவில்லை.

"வாத்தியாரய்யாவுக்கு வேணாங்க," என்றாள். "அவருக்குத் தொண்டை எரியும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எனக்குப் பின்னால் நின்ற புஷ்பவள்ளியின் செம்பை வாங்கி, கழுத்து வரை நிறைத்து, நுரை வழியாமல் ஒரு தட்டுப் போட்டு மூடிக் கொடுத்தாள். செம்பு கனமாக இருந்தது. நான் அதை வாங்கித் தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் என் மனைவிக்குப் பின்னால் வீடு வரைக்கும் நடந்தேன். இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சனிக்கிழமைதோறும் இன்னும் நான்தான் தூக்கி வருகிறேன்.